ஆமைக் கண்ணீரும் ஆறு பேரின் தாகமும்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு பால் பண்ணை. 1960களின் கடைசி. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றிய காலம். வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்ட சின்னப் பையன், அப்பாவும் மாலுமிதானே, நாமும் ஏன் போகக் கூடாது என்று கேட்டுவிட்டான். வேறு வீடாக இருந்தால், ‘சரிடா, முதல்ல பாலைக் குடி’ என்று பேச்சு முடிந்திருக்கும். டூகல் ராபர்ட்சன் வீட்டில் முடியவில்லை. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டு மாடு வளர்க்க வந்தவர் அவர். பண்ணையை விற்றார். ஐம்பது வயதை நெருங்கிய, 43 அடி நீளமுள்ள ‘லூசெட்’ என்ற மரப் படகை வாங்கினார். மனைவி லின், மகள் ஆன், மகன் டக்ளஸ், இரட்டைப் பையன்கள் நீல், சாண்டி என்று குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு 1971 ஜனவரி 27 அன்று ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்.

வட அட்லாண்டிக்கில் ஜனவரி என்பது புயல்கள் வரிசைகட்டி வரும் மாதம். எதிரே பிஸ்கே விரிகுடா. நாலாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் சாவதானமாக உருண்டு வரும் அலை, அங்கே திடீரென்று இருநூறு மீட்டர் ஆழமுள்ள கண்டத்திட்டில் ஏறுகிறது. ஏறும்போது வேகம் குறைந்து, நெருங்கி, செங்குத்தாக எழுகிறது. குடும்பத்தோடு முதல் ஆழ்கடல் பயணம் போகிறவர்கள் இந்த இடத்தை, இந்த மாதத்தில் தேர்ந்தெடுப்பது, என் கணக்கில், வீம்பு. ஆனாலும் பிழைத்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். கரீபியன் தீவுகளில் திரிந்தார்கள். பஹாமாஸில் ஆன் இறங்கிக்கொண்டாள். பனாமாவில் ஓர் இளைஞர் சேர்ந்துகொண்டார். ஆக, மறுபடி ஆறு பேர்.

1972 ஜூன் 15, காலை. பசிபிக் கடலில், கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 200 மைல். ஓர்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வாங்கிய, உண்மையில் டால்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள், படகின் அடியில் மோதின. பலகை பிளந்தது. ஓரிரு நிமிடத்தில் லூசெட் மூழ்கிவிட்டது. மிஞ்சியவை ஒரு காற்றுத் தெப்பமும், ஒன்பதரை அடி நீளமுள்ள ‘எட்னமேர்’ என்ற சிறு தோணியும். கைக்குச் சிக்கியவை: ஒரு பை வெங்காயம், ஒரு டப்பா பிஸ்கட், பத்து ஆரஞ்சு, ஆறு எலுமிச்சை, கொஞ்சம் குளுக்கோஸ் மிட்டாய், ஒரு சமையலறைக் கத்தி, மிதந்து வந்த லின்னின் தையல் கூடை. தெப்பத்தில் இருந்த குடிநீர் 18 பைண்ட், நம் கணக்கில் பத்து லிட்டரும் கொஞ்சமும். வீட்டில் குழாயடியில் பிடிக்கிற ஒரு பெரிய குடம் அளவுகூட இல்லை.

இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அவர்கள் போட்ட தண்ணீர்க் கணக்கு.

பத்து லிட்டரை ஆறால் வகுத்தால் ஆளுக்கு 1.7 லிட்டர். ஒன்றும் செய்யாமல் நிழலில் படுத்திருக்கும் மனிதன்கூட மூச்சிலும் தோலிலுமாக நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் இழக்கிறான். உடம்பின் கழிவை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் வேண்டும். உணவு உடம்பில் எரியும்போது கொஞ்சம் தண்ணீர் உண்டாகும். அதைக் கழித்தாலும் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பற்றாக்குறை. ஆக, கையிருப்பு இரண்டு நாளுக்குக்கூட வராது. அவர்கள் கடலில் கிடந்ததோ 38 நாள்.

சுற்றிலும் தண்ணீர்தானே, கொஞ்சம் குடித்தால் என்ன? மாங்காயைக் கீறி உப்பு தடவி ஒரு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் துண்டுகள் வியர்க்கும். அரை மணியில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். ஊறுகாய் போடும் எல்லோரும் பார்த்ததுதான். உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் தானாக நகரும். பாடப்புத்தகம் இதைச் சவ்வூடு பரவல் என்கிறது. நம் ரத்தத்தில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு இருப்பதுபோன்ற செறிவு. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். கடல்நீரைக் குடித்தவன் உடம்பில் செல்கள்தான் மாங்காய்த் துண்டு.

சிறுநீரகம் அந்த உப்பை வெளியே தள்ளப் பார்க்கும். ஆனால் எவ்வளவு முக்கினாலும் மனிதனின் சிறுநீரைக் கடல்நீர் அளவுக்கு உப்பாக்க அதனால் முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரோடு வந்த உப்பைக் கழிக்கக் குறைந்தது ஒன்றரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். மிச்ச அரை லிட்டர் எங்கிருந்து வரும்? உடம்பிலிருந்துதான். நூறு ரூபாய் கடன் வாங்கி நூற்றைம்பதாகத் திருப்பிக் கட்டுகிற கதை. இதில் ஒரு வேடிக்கை: நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையின் சிறுநீரகம் நம்முடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பூனையால் கடல்நீரைக் குடித்துச் சமாளிக்க முடியும் என்று 1950களின் சோதனைகள் காட்டின. எஜமானரால் முடியாது.

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் உயிர்ப்படகுக் கணக்குகளை மெக்கான்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு பிறகு தொகுத்தது. கடல்நீர் குடித்தவர்கள் இருந்த படகுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் இறந்திருந்தார்கள். குடிக்காத படகுகளில் மூன்று பேர். குடிக்கத் துணிந்தவர்கள் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்திருக்கலாம், எனவே முழுப் பழியையும் உப்பின் மேல் போட முடியாது. அப்படியே பார்த்தாலும் அந்த இடைவெளி சின்னதல்ல. 1952இல் அலன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ரப்பர் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீர் குடித்தே தாக்குப்பிடித்ததாகச் சொன்னார். அவர் மீனைப் பிழிந்த சாறும் மழைநீரும் குடித்தார் என்பதையும், கரை சேர்ந்தபோது 25 கிலோ இளைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டூகல் கடல்நீரைத் தொடவில்லை. வேறு வழி தேடினார். கலாபகஸ் தீவுகள் 200 மைல் கிழக்கே இருந்தன. யாராக இருந்தாலும் அங்கே திரும்பத்தான் துடிப்பார்கள். ஆனால் அந்தக் கடலில் தென்கிழக்கு வியாபாரக் காற்று ஓயாமல் வீசுகிறது. நீரோட்டமும் மேற்கே இழுக்கிறது. தெப்பத்தை எதிர்க்காற்றில் ஓட்ட யாராலும் ஆகாது. மேற்கே மார்க்கெசாஸ் தீவுகள், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் தூரம் ஏறத்தாழ 2,800 மைல். அதுவரை உயிர் இருக்காது. அவர் மூன்றாவது திசையைத் தேர்ந்தார்: வடக்கு. அங்கே அருகில் கரையே கிடையாது. இருந்தது மழை.

இது ஏன் சரி என்பதற்கு வானிலை அறிவியல் வேண்டும். நிலநடுக்கோட்டை நோக்கித் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வியாபாரக் காற்றுகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. முட்டிக்கொண்ட காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஈரத்தோடு எழுந்து, குளிர்ந்து, இடியும் மழையுமாகக் கொட்டும். கீழே காற்று செத்துக் கிடக்கும். நம் பாடப்புத்தகத்தில் இதற்கு அமைதி மண்டலம் என்று பெயர். பாய்மரக் கப்பல்காரர்கள் டோல்ட்ரம்ஸ் என்று சொல்லி அஞ்சிய இடம். வாரக்கணக்கில் பாய் அசையாமல் கப்பல் நின்றுவிடும்.

கிழக்குப் பசிபிக்கில் இந்தச் சந்திப்பு சரியாக நிலநடுக்கோட்டின் மேல் நடப்பதில்லை. தென் அமெரிக்கக் கரையோரம் அண்டார்டிகா பக்கத்திலிருந்து ஏறி வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும் கலாபகஸைச் சுற்றியுள்ள கடலைச் சில்லிட வைத்திருக்கின்றன. குளிர்ந்த கடலின் மேலுள்ள காற்று மேலே எழாது. தூறல் உண்டு, மழை இல்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை அந்தத் தீவுகளிலேயே அதுதான் நிலை. வெதுவெதுப்பான நீரும் மழைப் பட்டையும் சில பாகை வடக்கே இருக்கின்றன. தவிர, அங்கே ஒரு நீரோட்டம் கிழக்கு நோக்கி, மத்திய அமெரிக்கக் கரைப் பக்கம் ஓடுகிறது. கப்பல்காரர்கள் எந்த இடத்துக்குப் பயந்தார்களோ, அந்த இடத்துக்குப் போனால்தான் குடிநீரும் கிடைக்கும், இலவசச் சவாரியும் கிடைக்கும்.

சிறு தோணியில் ஒரு பாயைக் கட்டி, தெப்பத்தை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஓர் ஊகமும் உண்டு. 1972 ஒரு வலுவான எல் நினோ ஆண்டு. கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடேறி, அங்கே மழை கூடும் ஆண்டு. அதே ஆண்டுதான் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாராஷ்டிரத்தில் ஊர் ஊராகக் கிணறு வற்றியபோது, அந்த ஆறு பேருக்கு வானம் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மழை வருகிறபோதுதான் வரும். முதல் வாரத்தில் ஒரு கப்பல் மூன்று மைல் தொலைவில் போனது. இவர்கள் கொளுத்திய தீப்பந்தங்களை அதில் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு டூகல், யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்ற நினைப்பை விட்டுவிட்டு, இங்கேயே எப்படி வாழ்வது என்ற கணக்குக்கு மாறினார். மழைக்கும் மழைக்கும் இடையே கடலாமைகள் வந்தன.

சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளில் தை, மாசி இரவுகளில் ஆமை நடைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பங்குனி ஆமை மணலைத் தோண்டி முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழியும். பிரசவ வலியில் அழுகிறது என்பார்கள். அது அழுகை அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி, ரத்தத்தில் சேர்ந்த உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. கடலில் இருக்கும்போதும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். கடற்பறவைகளிடமும் ஆமைகளிடமும் இந்த உப்புச் சுரப்பியின் வேலையை 1950களின் பிற்பகுதியில் விளக்கியவர் க்னூட் ஷ்மிட்-நீல்சன். ஆமையின் கண்ணீர் கடல்நீரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உப்பு. மனிதச் சிறுநீரகத்தால் முடியாததை, கண்ணோரம் இருக்கும் அந்தச் சுரப்பி சாதாரணமாகச் செய்கிறது.

விளைவு என்ன? உப்புக் கடலிலேயே வளர்ந்து வாழ்ந்தும் ஆமையின் ரத்தம் நம் ரத்தத்தின் அளவுக்குத்தான் உப்பு. தெப்பத்தில் கிடப்பவனுக்கு அது நீந்தி வருகிற சுத்திகரிப்பு நிலையம். ராபர்ட்சன் குடும்பம் ஆமையைத் தோணிக்குள் இழுத்துப் போட்டு, கழுத்தை அறுத்து, ரத்தத்தைக் குவளையில் பிடித்துக் குடித்தது. சீக்கிரம் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரையும் விடவில்லை. நம் தூத்துக்குடிப் பக்கத்திலும் ஒரு காலத்தில் மருந்து என்று ஆமை ரத்தம் குடித்தவர்கள் உண்டு. இன்று கடலாமையைத் தொட்டால் சிறை. அதுவே சரி.

ரத்தம் தண்ணீருக்குச் சமம் அல்ல. அதில் புரதம் நிறைய. புரதம் உடம்பில் எரிந்தால் யூரியா மிஞ்சும். யூரியாவைக் கழிக்கச் சிறுநீர் வேண்டும். இங்கேதான் பல உயிர்ப்படகுகளில் தவறு நடந்தது. தண்ணீர் இல்லாதவன் மீனையும் இறைச்சியையும் வயிறு முட்டத் தின்றால் தாகம் கூடும். ஹார்வர்டின் ஜேம்ஸ் கேம்பிள் போர்க்காலத்தில் இதைச் சோதித்தார். நாளுக்கு நூறு கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே உடம்பு தன் தசையை எரிப்பது குறைகிறது, நீரிழப்பும் கணிசமாகக் குறைகிறது. உயிர்ப்படகு உணவில் இறைச்சி டப்பாவுக்குப் பதில் இனிப்பும் மாவும் இருப்பது இதனால்தான். கொழுப்பு இன்னும் விசித்திரம்: நூறு கிராம் கொழுப்பு எரிந்தால் நூறு மில்லிக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உண்டாகும். தாகமும் பசியும் சேர்ந்து வாட்டும்போது, ஆமையின் கொழுப்பு அதன் சதையைவிட உயர்ந்த பண்டம்.

தண்ணீர் போதிய நாளில் சதையைத் தின்றார்கள். மிச்சத்தைக் கீற்றுக் கீற்றாக அரிந்து வெயிலில் காயவைத்தார்கள். உப்புக்கண்டத்தின் உப்பில்லாத வகை. டொராடோ, பறக்கும் மீன் எல்லாம் இப்படியே சேர்ந்தன. எலும்புள்ள கடல்மீனின் சதையும் கடலைவிட உப்புக் குறைவுதான். செவுள்கள் உப்பை வெளியேற்றிவிடுகின்றன. மீனின் கண்ணையும் முதுகெலும்பு நீரையும் உறிஞ்சியது இதை நம்பித்தான்.

சுமார் பதினாறு நாளில் தெப்பம் கிழிந்து உதவாமல் போனது. ஆறு பேரும் ஒன்பதரை அடித் தோணிக்கு மாறினார்கள். ஒரு கட்டில் நீளத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். விளிம்புக்கும் கடலுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. ஒருவர் நகர்ந்தால் ஐந்து பேர் நகர வேண்டும். தோணியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். மழைநீர், ஆமை ரத்தம், குடல் கழிவு எல்லாம் கலந்தது. வாயில் வைத்தால் வாந்தி வரும், வாந்தி வந்தால் இருக்கிற தண்ணீரும் போகும். லின் ஒரு நர்ஸ். ஒரு குழாயை எடுத்து, அந்த நீரைக் குடும்பத்துக்கு எனிமாவாகக் கொடுத்தார். முகம் சுளிக்க வேண்டாம். பெருங்குடலின் அன்றாட வேலையே கழிவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுவதுதான். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் அது அப்படி மீட்கிறது. அழுக்கு அதற்குப் புதிதல்ல, உப்புதான் பகை. கடல்நீரை அப்படிக் கொடுத்திருந்தால், குடலே மாங்காய்த் துண்டாகியிருக்கும். மழை கலந்து உப்புக் குறைந்த நீர் என்பதால் ஆதாயம் கிடைத்தது. எத்தனை மில்லி என்று யாரும் அளக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த முப்பத்தெட்டு நாளில் நடந்தவற்றில் மிகச் சுத்தமான அறிவியல் சிந்தனை இதுதான்.

தண்ணீரைத் தேடுவது ஒரு பக்கம். செலவைக் குறைப்பது மறுபக்கம். பகலில் துணியைக் கடல்நீரில் நனைத்து உடுத்திக்கொண்டால், வியர்வைக்குப் பதிலாக அந்த நீர் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். கடல்நீரைக் குடிக்கத்தான் கூடாது, போர்த்திக்கொள்ளலாம். அதற்கும் விலை உண்டு. நாள்கணக்கில் உப்பு நீரில் ஊறிய தோல் வெடித்து, எல்லோருக்கும் புண்கள். உட்காரவே வேதனை.

ஜூலை 23, 38ஆம் நாள். தோக்கா மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்கள் காட்டிய வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது. அப்போது அவர்கள் டோல்ட்ரம்ஸைத் தாண்டி, கோஸ்டாரிக்கா கரைக்குச் சில நூறு மைல் தொலைவில் இருந்தார்கள். தோணியில் காய்ந்த இறைச்சியும் தண்ணீரும் கையிருப்பில் இருந்தன. துடுப்புப் போட்டே கரை சேர்ந்துவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு கப்பல் ஏறினார்கள்.

டூகல் அனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். பிறகு, கடலில் பிழைப்பதற்கென்றே ஒரு கையேடும் எழுதினார். 1982இல் ஸ்டீவன் கலஹன் என்ற அமெரிக்கர் படகு மூழ்கி, அட்லாண்டிக்கில் 76 நாள் தெப்பத்தில் மிதந்தபோது, அந்தக் கையேடு அவரிடம் இருந்தது.

இன்று ஆழ்கடலுக்குக் கிளம்பும் படகுக்காரர்கள் ஆபத்துப் பையில் ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்கிறார்கள். எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கடல்நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி, மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நல்ல தண்ணீர் தரும். மாங்காய்த் துண்டில் தானாக நடப்பதை, பலம் கொடுத்துப் பின்னோக்கி நடக்கவைக்கும் வித்தை. 27 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அழுத்தினால்தான் கடல்நீர் உப்பை விட்டுப் பிரியும். 2010இல் மீஞ்சூரில் தொடங்கிய நிலையம் இதே முறையில் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. ஆமைக்கு மின்சாரச் செலவு இல்லை.

எட்னமேர் தோணி இப்போது ஃபால்மவுத்தில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1971இல் அந்தக் குடும்பம் கிளம்பிய அதே துறைமுகம்.